ஆய்வா, கண்காணிப்பா? பவளப்பாறை வேலைக்கு வரும் ஒருவருக்கு

கேள்வி: வணக்கம் மேடம். கடல் உயிரியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, கடல் சூட்டில் நிறமிழந்து வெளிறிய பிறகு பவளப்பாறைகள் எப்படி மீள்கின்றன என்ற ஆய்வுத் திட்டத்தில் மூன்று வருட பிஎச்.டி இடம். இன்னொன்று, துறைமுக விரிவாக்கம், தூர்வாரல் மாதிரியான வேலைகள் நடக்கும் இடங்களில் நீரின் தரத்தையும் பாறைகளின் நிலையையும் அளந்து கொடுக்கும் ஆலோசனை நிறுவனத்தில் கள வேலை. இரண்டாவதைச் சொன்னாலே உடன் படிப்பவர்கள், "கம்பெனி கேட்கிற ரிப்போர்ட்டை எழுதித் தர்ற வேலைதானே?" என்று சிரிக்கிறார்கள். டைவிங் சான்றிதழ் வைத்திருக்கிறேன், ஆனால் நீரோட்டம் இருந்தால் உள்ளூரப் பயம். அப்புறம் இன்னொரு சந்தேகம்: பாறைகள் எல்லாம் வெளிறிச் சாகும்போது, நாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? நான் எதற்குப் போகட்டும்?

பதில்:

தம்பி, உங்கள் நண்பர்கள் சிரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம்.

நான் ஆய்வகத்திலும் இருந்திருக்கிறேன், நீங்கள் சொல்லும் மாதிரி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். மோசமான கண்காணிப்பு எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். தூர்வாரும் கப்பல் வந்து வேலையை ஆரம்பித்த பிறகுதான் முதல் அளவீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். படகு சுலபமாக நங்கூரம் போடுகிற இடம் எதுவோ அதுதான் ஆய்வு இடம். ஒப்பிட்டுப் பார்க்க வேலை நடக்காத வேறொரு பாறை இருக்காது. கடைசியில் தடித்த அறிக்கை ஒன்று வரும். அட்டவணை மேல் அட்டவணையாகப் போய், "குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை" என்று ஒரு வரியில் முடியும். பாதிப்பு நடந்திருந்தாலும் இந்த ஏற்பாட்டில் அது தெரிந்திருக்காது என்பதை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒழுங்காகச் செய்யும் முறை ஒன்றும் ரகசியமில்லை. வேலை தொடங்குவதற்கு முன்பே அளக்க வேண்டும், முடிந்த பிறகும் அளக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய இடத்திலும் அளக்க வேண்டும், அதே மாதிரியான, ஆனால் வேலையின் கை எட்டாத இடங்களிலும் அளக்க வேண்டும். இந்த நாலும் சேர்ந்தால்தான் கேள்விக்குப் பதில் வரும். தூர்வாரிய இடத்தில் பவளப் பரப்பு குறைந்து, தள்ளியிருக்கும் பாறைகளிலும் அதே அளவு குறைந்திருந்தால், கோடை வெப்பத்தையோ புயலையோ சந்தேகிக்கலாம். இங்கே மட்டும் குறைந்து அங்கே அப்படியே இருந்தால் தூர்வாரல் பக்கம் விரல் நீட்டலாம். முன் அளவீடு இல்லையென்றால் விரல் நீட்ட ஒன்றுமில்லை. அதனால்தான், பாதிப்பு இருந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு முன் அளவீட்டில் அவ்வளவாக ஆர்வம் இருப்பதில்லை!

இனி மற்ற பாதி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாரோ தீவை ஒட்டி, 2010லும் 2011லும் ஒரு எரிவாயுத் திட்டத்துக்காகப் பெரிய அளவில் கடலடியைத் தூர்வாரினார்கள். சுற்றியிருந்த பாறைகளில் கலங்கலையும் அடியில் விழும் வெளிச்சத்தையும் பவளங்களின் நிலையையும் விடாமல் அளந்தார்கள். அனுமதியின் நிபந்தனைக்காகத்தான் அளந்தார்கள், அறிவியலுக்காக இல்லை. ஆனால் அந்த அளவீடுகளும் அதே கடற்கரையில் நடந்த வேறு தூர்வாரல்களின் அளவீடுகளும் பிறகு ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. அதற்கு முன் ஆய்வகத் தொட்டியில் பவளத்தை வைத்துச் சேற்று நீரை ஊற்றிப் பார்த்தவர்கள் எவ்வளவு சேறு, எத்தனை நாள் என்பதைப் பெரும்பாலும் உத்தேசமாகத்தான் வைத்தார்கள். உண்மையான தூர்வாரலில் கலங்கல் ஒரே மட்டத்தில் நிற்காது. ஓதத்தோடு ஏறும், காற்று திரும்பினால் இறங்கும், சில நாள் பகலிலேயே அடியில் இருட்டாகிவிடும். அது எண்ணாகக் கைக்கு வந்த பிறகுதான் எத்தனை நாள் வெளிச்சக் குறைவைப் பவளம் தாங்கும், மேலே படியும் வண்டல் எப்போது கொல்லும் என்ற கேள்விகளுக்கு உருப்படியான வரம்புகள் வகுக்க முடிந்தது. அந்த எண்களை எடுத்தவர்களில் உங்களைப் போல முதுகலை முடித்த கையோடு கள வேலைக்கு வந்தவர்கள் கண்டிப்பாக இருந்திருப்பார்கள். கட்டுரைகளில் அவர்கள் பெயர் இல்லாமலும் போயிருக்கலாம். அது தனிக் குறை, அதை நான் மறுக்கவில்லை.

ஆக, "ஆய்வு என்றால் உயர்ந்தது, கண்காணிப்பு என்றால் கூலி வேலை" என்ற பிரிவினையை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பவளப்பாறை ஆய்வில் இன்று நாம் உறுதியாகச் சொல்லும் பெரிய விஷயங்கள் பலவும், யாரோ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணியதால் தெரிந்தவை. ஜோசப் கானல் என்ற சூழலியலாளர் 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் சில சதுரங்களைக் குறித்து வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் அதே சதுரங்கள். புயலுக்குப் பிறகு எந்தப் பவளம் போனது, அந்த இடத்தை எது பிடித்தது என்று ஒவ்வொன்றாகத் தொடர முடிந்தது. எடுத்த முதல் வருடம் அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது.

கரீபியன் கதை இன்னும் சுருக்கென்று தைக்கும். அங்கே நீண்ட கறுப்பு முட்களுள்ள டயடிமா என்ற கடல் முள்ளெலி பாறையில் வளரும் பாசியை மேய்ந்து, பவளத்துக்கு இடம் விட்டுவைத்தது. 1983ல் பனாமா பக்கம் அவை செத்து விழ ஆரம்பித்தன. ஏறத்தாழ ஒரு வருடத்தில் கரீபியன் முழுவதும் பரவி, 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980ல் அடித்த ஆலன் சூறாவளியில் பவளங்கள் உடைந்திருந்தன. பாசியை மேய மிச்சம் இருந்த முள்ளெலியும் போனதும் பாறை பாசிக்காடானது. 1970களின் கடைசியில் கடலடியில் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம் 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. டெரன்ஸ் ஹியூஸ் 1994ல் இதைக் கட்டுரையாக எழுதியபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், முள்ளெலியும் மீனும் பவளமும் நன்றாக இருந்த காலத்திலேயே எண்ணி வைத்திருந்த கணக்கு. மீன்வள அறிஞர் டேனியல் பாலி அடுத்த வருடமே சொன்னார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்தபோது பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார், அதனால் சரிவு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. கணக்கு கையில் இல்லாத கடற்கரைகளில் இன்றும் அதுதான் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வாய்ப்பில் எதை எடுத்தாலும் நீங்கள் கற்க வேண்டிய தொழில் ஒன்றுதான்: பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் நம்பக்கூடிய எண்ணை எடுப்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நீருக்குள் போனால்தான் அதன் பாடு தெரியும்.

ஒரு பவளம் வெள்ளையாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து மீட்டர் ஆழம், கையில் ஸ்லேட்டும் பென்சிலும், பாறைமேல் விரித்த அளவு நாடா அலையின் இழுப்பில் முன்னும் பின்னும் ஆடுகிறது. என்ன எழுதுவீர்கள்? முகமூடி பாறையில் இடிக்காத அளவுக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். கண்ணாடி மாதிரி நிறமில்லாத சதை எலும்புக்கூட்டின் மேல் இன்னும் ஒட்டியிருந்து, மயிரிழை போன்ற உணர்கொம்புகள் அசைந்தால், அது வெளிறல். உள்ளே குடியிருந்த நுண்பாசி வெளியேறிவிட்டது, ஆனால் பவளத்துக்கு உயிர் இருக்கிறது, தண்ணீர் சூடு தணிந்தால் பிழைக்கலாம். சதையே இல்லை, எலும்புக்கூட்டின் குழிகள் கூர்மையாக, சுத்தமாகத் தெரிகின்றன என்றால் அது செத்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். கொஞ்ச நாள் போனால் அதன்மேல் பாசி படிந்து வெள்ளையே மறைந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு, விளிம்பு பளிச்சென்று, சுற்றிலும் நல்ல சதை என்றால் பக்கத்துப் பொந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், முள்கிரீட நட்சத்திர மீன் சாப்பிட்டுவிட்டு ஒளிந்திருக்கும். (கையை விடாதீர்கள், முட்களில் நஞ்சு.) கிளைகளின் அடியில் சின்னச் சின்ன நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் வேலை அவற்றுடையது. உயிருள்ள சதைக்கும் பாசி பிடித்த பழைய எலும்புக்கூட்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் பட்டை ஓடினால் நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பம், சாவு, இரைதின்னி, நோய் என்று நாலு விதமான செய்தி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. அவசரத்தில் நாலையும் "வெளிறல்" என்று எழுதிவிட்டால், கரைக்கு வந்து எவ்வளவு நுட்பமான புள்ளியியல் போட்டாலும் அதைத் திருத்த முடியாது. ஒரு புகைப்படம் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம், அதனால் சந்தேகம் வந்தால் படம் எடுங்கள். இப்போது கணினியே படங்களைப் பார்த்துப் பவளமா பாசியா மணலா என்று பிரித்துக் கொடுக்கிறது. கோரல்நெட் மாதிரியான கருவிகள் நாள் கணக்கான வேலையை மிச்சப்படுத்துகின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் அதற்குப் பாடம் நடத்துவது கண்ணால் பிரித்தறியத் தெரிந்த ஆள்தான்.

மீன் எண்ணுவது இன்னும் சங்கடம். நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பழகாத கண் இருபது சென்டிமீட்டர் மீனை இருபத்தைந்துக்கு மேல் என்று எழுதும், எடைக் கணக்குப் போடும்போது அந்தப் பிழை பல மடங்காகும். அதனால் நல்ல குழுக்கள் பருவம் தொடங்கும்போது, நீளம் தெரிந்த குழாய்த் துண்டுகளையோ மீன் பொம்மைகளையோ தண்ணீரில் வைத்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளும். ஒரே நாடாவை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து, எங்கே மாறுபடுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசுவார்கள். நீங்கள் போகும் இடத்தில் இந்தப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். "எங்க ஆளுங்க எல்லாம் அனுபவசாலிங்க, அதெல்லாம் தேவையில்ல" என்று பதில் வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

நிறுவனம் பக்கம் இதற்குச் சமமான பாடம் சென்சாரில் கிடைக்கும். கலங்கல் சென்சார், ஒளியைத் தண்ணீருக்குள் விட்டு, துகள்களில் பட்டுச் சிதறித் திரும்புவதை அளக்கிறது. கடலில் எதை இறக்கினாலும் சில நாளில் அதன்மேல் வழவழப்பு படியும், அப்புறம் பாசி, அப்புறம் கொட்டலசு. லென்சை அழுக்கு மூட மூட, தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கருவி கலங்கல் ஏறுகிறது என்றே சொல்லும். வரைபடத்தில் அது மெதுவான, சீரான ஏற்றமாக வரும், துடைத்த நாளில் சட்டென்று விழும். அதனால் எடுத்தவுடன் துடைக்கக் கூடாது. துடைப்பதற்கு முன் அங்கேயே ஒரு வாசிப்பு, துடைத்த பின் ஒரு வாசிப்பு, இரண்டையும் நேரத்தோடு எழுத வேண்டும். படகு ஆடும், வெயில் கொளுத்தும், அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று படகோட்டி அவசரப்படுத்துவார். அந்த இரண்டு வரியை எழுதாமல் விடத் தோன்றும். விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு தடவை அது கை கொடுத்தது. ஒரு திட்டத்தில் கலங்கல் வரம்பைத் தாண்டிய ஒரு வார அளவீட்டைச் "சென்சார் அழுக்கு" என்று சொல்லி எடுத்துவிடச் சொன்னார்கள். துடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வாசிப்புகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன, அதாவது கண்ணாடி சுத்தம், தண்ணீர்தான் கலங்கல். களத்தாளைக் காட்டினேன். சத்தம் போட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரம் அறிக்கையில் இருந்தது. கம்பெனி கேட்கிறபடி எழுதித் தரும் வேலையா இல்லையா என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் முடிவாகிறது, உங்கள் நண்பர்கள் நினைப்பது போல வேலையில் சேரும் நாளிலேயே இல்லை. மூல அளவீட்டைத் தொடாமல் தனியாக வையுங்கள். எதை நீக்குவது என்ற விதியை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். நீக்கினால் காரணத்தையும் நாளையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது "மூன்று வருடம்" என்பது. பவளப்பாறையின் மீட்சி மூன்று வருடத்தில் நடக்கிற காரியம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரையிலிருந்து வெகு தூரத்தில் ஸ்காட் பாறைத்தொகுதி இருக்கிறது. 1998ன் வெப்பத்தில் அங்கே பெரும்பாலான பவளம் போய்விட்டது. கூப்பிடு தூரத்தில் வேறு பாறைகள் இல்லாததால் வெளியிலிருந்து குஞ்சுகள் மிதந்து வர வழியில்லை, இனி தேறுவது கஷ்டம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். முதல் சில வருடங்களில் போய்ப் பார்த்தவர்களுக்கு அதை மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தப்பிப் பிழைத்த பவளங்கள் வளர்ந்து, அவை ஈன்ற குஞ்சுகள் அங்கேயே பிடித்து, பன்னிரண்டு வருடத்தில் பாறை ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்தது. தண்ணீர் சுத்தமாக இருந்ததும் பாசி மேயும் மீன்கள் இருந்ததும் உதவின. 1998க்கு முன்பிருந்தே அதே இடங்களை அளந்து வந்ததால்தான் இது தெரிந்தது. அந்தத் தொடரில் நடுவே மூன்று வருடத்தை மட்டும் எடுத்து ஒரு பிஎச்.டி எழுதியிருந்தால், "மீட்சி இல்லை" என்று முடித்திருப்பார்கள்.

ஆகவே பிஎச்.டி வழிகாட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தத் திட்டத்தின் இடங்கள் ஏற்கனவே அளந்துவரும் பழைய இடங்களா, அல்லது நான் வந்த பிறகு புதிதாகக் குறிக்கப்போகிறவையா? பழைய இடங்கள், பழைய கணக்கு உங்கள் கைக்குக் கிடைக்கும் என்றால் தயங்காமல் போங்கள். அடுத்தவர்கள் சேர்த்து வைத்ததன் மேல் நின்றுகொண்டு நல்ல கேள்வி கேட்கலாம். புதிய இடங்கள் என்றால் மூன்று வருடம் கழித்து உங்களிடம் ஒரு தொடக்கம் மட்டும்தான் இருக்கும். அதைத் தொடர யாருக்குப் பணம் இருக்கும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். ஆய்வு நிதி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோகும், பாறை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அப்புறம், வழிகாட்டியின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். அவர் கடைசியாக எப்போது உங்களோடு களத்துக்கு வந்தார், கட்டுரையின் வரைவைத் திருப்பித் தர எவ்வளவு நாள் எடுத்துக்கொள்வார் என்று கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்.

நிறுவனத்திடம் வேறு கேள்விகள். முன் அளவீடு எடுத்தார்களா? ஒப்பீட்டுப் பாறைகள் எத்தனை? கலங்கல் எந்த அளவைத் தாண்டினால் தூர்வாரலை நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? அந்த எண் படகிலிருந்து, கப்பலை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் கைக்குப் போக எத்தனை மணி நேரமாகும்? மாதக் கடைசி அறிக்கையில்தான் போகும் என்றால் அது பதிவேடு, கண்காணிப்பு இல்லை. பவளம் முட்டையிடும் பருவத்தில் வேலையை நிறுத்தி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். பல இடங்களில் பெரும்பாலான பவளங்கள் வருடத்தில் சில இரவுகளில், பௌர்ணமிக்குப் பிறகு சேர்ந்தாற்போல் முட்டையையும் விந்தையும் விடும், அந்த நேரத்துச் சேறு ஒரு வருட விதைப்பையே கெடுக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த நாட்களில் தூர்வாரலை நிறுத்தச் சொல்லும் நிபந்தனைகள் உண்டு. கடைசியாக, திட்டம் முடிந்த பிறகு அளவீடுகள் வெளியே கிடைக்குமா, பூட்டி வைக்கப்படுமா?

இவற்றில் பாதிக்காவது தெளிவான பதில் வந்தால், நான் நிறுவனத்தின் பக்கமே சாய்வேன், புதிய இடங்களை வைத்துத் தொடங்கும் பிஎச்.டி-யோடு ஒப்பிட்டால். காரணம் எளிது. அங்கே எண்ணுக்கு உடனடி விளைவு உண்டு. நீங்கள் எழுதும் ஒரு எண்ணால் பெரிய கப்பல் ஒன்று நிற்கலாம், அதனால் ஒவ்வொரு எண்ணையும் யாராவது கேள்வி கேட்பார்கள். பாட்டில் லேபிளில் நேரம் எழுத மறந்தால், ஒப்பிட்டுப் பார்க்கத் தூய நீரில் வெற்று மாதிரி எடுக்கவில்லையென்றால், பச்சையத்தை அளக்கக் கடல்நீரை வடிகட்டிய தாளை வெளிச்சம் படாமல் உறைய வைக்கவில்லையென்றால் ஆய்வகம் திருப்பி அனுப்பும். இந்த ஒழுங்கு இல்லாமல் பிஎச்.டி-க்கு வருபவர்கள் முதல் வருடத்தை அதற்கே செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு, கையில் உண்மையான கேள்வியோடு ஆய்வுக்கு வருவது தாமதம் ஆகாது. சம்பளமும் வரும். அதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிறுவன வேலையில் இரண்டு வருடம் நாலு வருடமாகி, திட்டத்திலிருந்து திட்டத்துக்குத் தாவி, எதையும் ஆழமாகப் படிக்காமலே போய்விடும் ஆபத்து உண்டு. புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) கணினி மொழியை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். எக்ஸெல்லை மட்டும் நம்பியிருப்பவர்கள் அறிக்கையோடு நின்றுவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று.

டைவிங் பற்றி: நீரோட்டத்தைப் பார்த்துப் பயப்படுவது நல்ல அறிகுறி. பயமே இல்லாதவரோடு ஜோடியாக இறங்க எனக்குப் பிடிக்காது. அறிவியல் டைவிங்கில் ஒரு விதி உண்டு, அமெரிக்க நீரடி அறிவியல் அகாடமியின் நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது: பாதுகாப்பில்லை என்று தோன்றினால் எந்த டைவரும் இறங்க மறுக்கலாம், அதற்காக அவருக்குத் தண்டனை எதுவும் கூடாது. நீங்கள் சேரும் குழுவில் யாராவது அப்படி மறுத்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கிண்டல் செய்தால் அந்தக் குழுவோடு இறங்காதீர்கள். நீரோட்டத்தில் அளவு நாடா விரிப்பது தனிப் பயிற்சி, சாதாரணச் சான்றிதழில் அது வராது. ஓதம் திரும்பி நீர் நிற்கும் நேரத்தைப் பார்த்து இறங்குவதும், ஓட்டத்துக்கு எதிராக ஆரம்பித்து அதோடு திரும்புவதும் கூட இருப்பவர்களிடமிருந்து பழகுவதுதான். அதற்கு மேலும் ஒத்துவரவில்லை என்றாலும் கவலையில்லை. இந்தத் துறையில் தண்ணீருக்குள் இருக்கும் நேரம், மேசையில் இருக்கும் நேரத்தோடு பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். நீர் வேதியியல், செயற்கைக்கோள் வெப்பநிலை, நீரில் கரைந்து மிதக்கும் மரபணு எச்சங்களை வைத்து இனங்களைக் கண்டறிவது என்று டைவ் செய்யாமலே பாறைக்கு வேலை செய்பவர்கள் நிறைய.

கடைசிக் கேள்வி, எண்ணி என்ன பயன். 2023 ஜனவரி முதல் 2025 மார்ச் வரை உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் வெளிறலுக்குக் காரணமாகும் வெப்பத்தைச் சந்தித்தது. நீங்கள் சோர்ந்துபோவது எனக்குப் புரிகிறது. எண்ணினால் கடல் குளிராது. அதை நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள்.

ஆனால் வெப்பம் எல்லாப் பாறைகளையும் ஒரே மாதிரி கொல்வதில்லை. கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் நோவா (NOAA) அமைப்பு செயற்கைக்கோள் வெப்பநிலையிலிருந்து, வழக்கமான கோடை உச்சத்தைவிட எவ்வளவு சூடு எத்தனை வாரம் சேர்ந்தது என்று கணக்கிடுகிறது. டிகிரி-வாரத்தில் சொல்லும் அந்தக் கணக்கு 4ஐத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் சாவை எதிர்பார்க்கலாம். 2023ன் சூடு பழைய அளவுகோலுக்கு அடங்காமல் போனதால், மேலே புதிய எச்சரிக்கைப் படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இது வானத்திலிருந்து தெரிவது. ஒரே 8ல் ஒரு பாறை சாகிறது, பக்கத்துப் பாறை தப்புகிறது. ஏன்? ஆழமா, நீரோட்டமா, ஆற்றுச் சேறா, முன்பே சூட்டுக்குப் பழகிய இனமா? இதற்குப் பதில் இறங்கிப் பார்ப்பவர்களிடம்தான் உண்டு. எந்தப் பாறையை ஒட்டித் துறைமுகம் வரக் கூடாது, எங்கே கழிவுநீரை முதலில் தடுக்க வேண்டும், எங்கே மீன்பிடியைக் கொஞ்ச காலம் நிறுத்தினால் பலன் இருக்கும் என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து வருபவை. டயடிமா விஷயத்திலேயே பாருங்கள். 1983ன் சாவுக்குக் காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. 2022ல் அவை மறுபடியும் சாக ஆரம்பித்தபோது, கவனித்துக்கொண்டிருந்தவர்கள் உடனே தகவல் அனுப்பினார்கள், மாதிரி எடுத்தார்கள், அடுத்த வருடமே ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டு இடத்துக்கும் இந்த வாரமே எழுதுங்கள். பிஎச்.டி இடத்துக்குத்தான் கடைசித் தேதி முன்னால் வரும் என்று நினைக்கிறேன், அதனால் பழைய இடங்களா புதிய இடங்களா என்ற கேள்வியை அங்கே முதலில் அனுப்பிவிடுங்கள். பதில் வழவழவென்று இருந்தால், எந்த வருடத்திலிருந்து எத்தனை இடங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்று மறுபடியும் நேராகக் கேளுங்கள். அதைக் கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள்.